இணையவழி உயர்கல்வி யாருக்குத் திறந்திருக்கிறது?

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்வதற்கு ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு எழுத்துக்களையும் அவற்றின் பின் ஓர் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். பார்வையுள்ளவருக்குத் திரையில் 'தமிழ்' தெரியும். விழிப்புலனற்ற மாணவரின் கணினியில் இயங்கும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குத் தெரிவது அந்த நான்கு ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளியும் மட்டுமே. அது அவற்றையே வாசிக்கும். 20 பக்க விரிவுரைக் குறிப்பு பாமினியில் இருந்தால், 20 பக்கமும் அர்த்தமில்லாத ஒலிகளாகவே அவரது காதில் விழும்.

வடக்கு, கிழக்கில் இன்றும் வினாத்தாள்கள், அலுவலகக் கடிதங்கள், விரிவுரைக் குறிப்புகள் எனப் பலவும் பாமினியிலேயே தட்டச்சாகின்றன. அந்தக் கோப்பு இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டால், 'பாடம் எல்லோருக்கும் கிடைக்கிறது' என்று பதிவாகிவிடும்.

இணையவழி உயர்கல்வியில் சமத்துவம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் சிக்னல் கோபுரத்தையும் மடிக்கணினியையும் பற்றியே பேசுகிறோம். அவை தேவைதான். ஆனால், இணைப்புக் கிடைத்த பிறகும் வெளியே நிற்கவேண்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பவற்றில் பெரும்பாலானவை பெரிய செலவின்றித் தீர்க்கக்கூடியவை. யார் வெளியே நிற்கிறார்கள், எந்த இடத்தில் தடுக்கப்படுகிறார்கள், சட்டம் அவர்களுக்கு என்ன தருகிறது, பல்கலைக்கழகத்திடம் எதைக் கேட்கலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வெளியே நிற்பவர்கள்

2012ஆம் ஆண்டின் குடிசன, வீட்டுவசதிகள் தொகைமதிப்பின்படி இலங்கையில் 5 வயதுக்கும் அதற்கு மேற்பட்டவர்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 சதவீதமானோர், ஏதேனும் ஒரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்ந்தனர். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தலும் கவனஞ்செலுத்தலும், தன்னைத்தான் பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறும் அதில் கேட்கப்பட்டன. பார்வைச் சிரமமே மிக அதிகமாகப் பதிவானது.

போர் நடந்த மாவட்டங்களில் இந்தச் சிரமங்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஷெல் வீச்சில் ஒரு காது கேட்காமற் போனவர், கண்ணிவெடியில் காலை இழந்தவர், விரல்களை இழந்ததால் விசைப்பலகையில் ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர், உடலில் இன்னமும் உலோகத் துண்டுகளைச் சுமப்பதால் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க முடியாதவர், தலையிற்பட்ட காயத்தால் தொடர்ந்து வாசிக்க முடியாதவர் என்று இவர்கள் நம் ஊர்கள் எங்கும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத காயங்களும் உண்டு. உறக்கமின்மை, திடீர்ச் சத்தத்தில் உடல் நடுங்குவது, மனம் ஒருமுகப்படாமை ஆகியவையும் படிப்பைப் பாதிக்கின்றன.

இவர்களுடன் இன்னொரு கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். 2009 மே மாதத்தில் 12 வயதாக இருந்தவர் இன்று முப்பதை நெருங்கிவிட்டார் அல்லது தாண்டிவிட்டார். இடப்பெயர்விலும் முகாமிலும் பாடசாலை ஆண்டுகளை இழந்தவர்களில் பலர் உயர்தரப் பரீட்சையை உரிய வயதில் எழுதவில்லை. சிலர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். சிலர் புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் மட்டும் படிக்கக்கூடியவர்கள் இவர்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குள் முழுநேர மாணவராக நுழையும் வாய்ப்பு இவர்களுக்குக் கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது தொலைக்கல்வியும் இணையவழிக் கல்வியுமே. ஆகவேதான் அந்த வழியில் உள்ள ஒவ்வொரு தடையும் இவர்களுக்குப் பெரிதாகிறது.

இணையவழிக் கல்வி இங்கே வந்த விதம்

வளாகத்துக்குப் போகாமல் பட்டம் பெறுவது நமக்குப் புதிதல்ல. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலயைத் தலைமையிடமாகக் கொண்டு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல இடங்களிலுள்ள பிராந்திய நிலையங்கள் ஊடாகத் தொலைக்கல்வியை வழங்கிவருகிறது. பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் நீண்ட காலமாக உள்ளன. தபாலில் வரும் பாடநூல், வார இறுதி வகுப்பு, பிராந்திய நிலையத்தில் பரீட்சை என்பதே அந்த முறையின் வடிவமாக இருந்தது.

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அந்த வடிவம் ஒரே இரவில் மாறியது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' கல்வி, ஆய்வு வலையமைப்பின் ஊடாக ஸூம் வகுப்புகள் தொடங்கின. அந்த வலையமைப்பின் ஊடாகக் கற்கும் மாணவர்களிடம் டேட்டாக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. அது அவசரகால ஏற்பாடு. அடுத்த ஆண்டு, ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ கிராமத்தில் மாணவர்கள் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறையிலும் மரத்திலும் ஏறிய காட்சிகள் உலகச் செய்திகளாயின. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டபோது, இணைப்பு இருந்தவர்களும் வகுப்பை இழந்தனர்.

அந்த அவசரத்தில் உருவான பழக்கங்கள் பல இன்னும் தொடர்கின்றன. கையெழுத்துக் குறிப்பைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவது, இரண்டு மணித்தியாலக் காணொளியை அப்படியே யூடியூப்பில் ஏற்றிவிடுவது, நேரத்தைக் கடுமையாக வரையறுத்த வினாடிவினா நடத்துவது போன்றவை அன்று தவிர்க்க முடியாதவையாக இருந்தன. இன்று அவற்றைத் தொடர்வதற்கு அந்தக் காரணம் இல்லை.

தடை 1: வாசிக்க முடியாத எழுத்து

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து காட்டுபவை. யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனியான குறியெண்களைத் தருகிறது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் உள்ள கோப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கும், தேடுபொறி கண்டுபிடிக்கும், கைத்தொலைபேசியிலும் எழுத்து உடையாமல் தெரியும். எனவே இது விழிப்புலனற்றவர்களுக்கு மட்டுமான சலுகையல்ல. பாமினிக் கோப்பைக் கைத்தொலைபேசியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்துத் திகைத்த எவருக்கும் இது விளங்கும்.

பழைய கோப்புகளை மீண்டும் தட்டச்சு செய்யவேண்டியதில்லை. பொங்குதமிழ் போன்ற இலவச எழுத்துரு மாற்றிகள் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளன. பாமினியில் உள்ள பகுதியை ஒட்டினால் அடுத்த கணமே ஒருங்குறியில் தந்துவிடும். மாற்றியதை ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பதே எஞ்சும் வேலை.

தடை 2: படமாகிவிட்ட பக்கம்

ஒரு நூலின் பக்கங்களை ஸ்கான் செய்து பி.டி.எப். ஆக்கினால், கண்ணுக்கு அது எழுத்து; கணினிக்கு அது புகைப்படம். திரைவாசிப்பான் அதில் வாசிப்பதற்கு எதுவும் இருக்காது. தமிழில் உசாத்துணை நூல்கள் பல மறுபதிப்பில்லாமல் ஸ்கான் பிரதிகளாகவே கிடைப்பதால், தமிழ்மொழி மூல மாணவரை இது மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கிறது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற முயற்சிகள் இல்லாவிட்டால் அந்த நூல்கள் எவருக்குமே கிடைத்திருக்காது. அவற்றை வாசிக்கத்தக்க எழுத்தாக மாற்றுவது அடுத்த கட்டம்.

படத்திலுள்ள எழுத்தை அடையாளங்கண்டு எழுத்தாக்கும் தொழில்நுட்பம் இப்போது தமிழுக்கும் உண்டு. கூகுள் டொக்ஸ் அதை இலவசமாகச் செய்கிறது. டெசராக்ட் என்ற திறமூல மென்பொருளும் தமிழை ஆதரிக்கிறது. தெளிவான அச்சுப் பக்கங்களில் விளைவு நன்றாக இருக்கும். பழைய மங்கலான அச்சில் பிழைகள் வரும். அவற்றைத் திருத்த மனித உழைப்பு வேண்டும். ஒரு பீடத்தில் பாடத்திட்டத்தின் அத்தியாவசிய வாசிப்புகளை மட்டும் தெரிவுசெய்து, தவணைக்குச் சில அத்தியாயங்கள் என்று மாணவர் குழுக்களைக்கொண்டு திருத்தினால்கூட இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகிவிடும்.

வரைபடங்களுக்கும் அட்டவணைகளுக்கும் இதே நிலைதான். ஒரு படத்தின் கீழ் அது என்ன காட்டுகிறது என்பதை இரண்டு வரிகளில் எழுதிவிட்டால் போதும். 'படம் 3' என்பது விளக்கமல்ல. 'நெல் விளைச்சல் மாரிபோகத்தில் உயர்ந்து சிறுபோகத்தில் குறைவதைக் காட்டும் கோட்டுவரைபு' என்பது விளக்கம்.

தடை 3: கேட்க முடியாத காணொளி

செவிப்புலனற்றவருக்கும், ஷெல் சத்தத்தில் கேட்டற்திறனில் ஒரு பங்கை இழந்தவருக்கும் எழுத்து வரிகள் இல்லாத காணொளி, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் தொலைக்காட்சி போன்றது. தானியங்கி வரிகள் ஆங்கிலத்தில் ஓரளவு உதவுகின்றன. தமிழ் விரிவுரையில், அதுவும் பாடத்துக்குரிய கலைச்சொற்கள் வருமிடங்களில், அவற்றைத் திருத்தாமல் நம்ப முடியாது. விரிவுரையாளர் தான் பேசவிருப்பதை எழுதிவைத்திருந்தால் அந்த எழுத்தையே காணொளியுடன் சேர்த்துக் கொடுக்கலாம். சைகைமொழி பயன்படுத்துபவருக்கு எழுத்து மட்டும் போதாது. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. நேரடி வகுப்பில் மொழிபெயர்ப்பாளரின் முகம் திரையில் எப்போதும் தெரியும்படி நிறுத்திவைப்பது ஓர் அமைப்பு மாற்றம் மட்டுமே.

தடை 4: டேட்டாவின் விலை

ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணித்தியாலத்தில் சுமார் 450 மெகாபைட்டைச் செலவாக்கும். அதே விரிவுரையின் ஒலியை மட்டும் 32 கிலோபிட் தரத்தில் சேமித்தால் சுமார் 14 மெகாபைட். பேசியது முழுவதையும் எழுத்தாக்கினால் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. ரீலோட் போட்டு நாட்களை எண்ணிப் பயன்படுத்தும் வீட்டில், வாரத்துக்கு 10 மணித்தியாலக் காணொளி என்பது 4.5 ஜிகாபைட். ஒலியாகக் கொடுத்தால் 144 மெகாபைட்.

காணொளியை நிறுத்தச் சொல்லவில்லை. காணொளி, ஒலி, எழுத்து ஆகிய மூன்றையும் கொடுத்து, மாணவரே தெரிவுசெய்ய விடவேண்டும் என்பதே கோரிக்கை. எழுத்து வடிவம் செவிப்புலனற்றவருக்கும், டேட்டா இல்லாதவருக்கும், இரவில் பிள்ளை உறங்கும்போது சத்தமின்றிப் படிக்கும் தாய்க்கும் ஒரே நேரத்தில் உதவுகிறது. ஒலி வடிவம் விழிப்புலனற்றவருக்கும், தையல் வேலை செய்துகொண்டே கேட்பவருக்கும், பேருந்தில் பயணிப்பவருக்கும் உதவுகிறது.

தடை 5: கடிகாரமும் கமராவும்

30 நிமிட வினாடிவினா 30 நிமிடத்தில் தானாக மூடிக்கொள்கிறது. திரைவாசிப்பானில் ஒவ்வொரு விடையையும் கேட்டுத் தெரிவுசெய்பவருக்கும், ஒரு கையால் தட்டச்சு செய்பவருக்கும் அந்த 30 நிமிடம் மற்றவரின் 30 நிமிடம் அல்ல. மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் நுழைபவருக்கும் அப்படியே.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தும் மூடில் என்ற இலவசக் கற்றல் முகாமைத்துவ மென்பொருளில் இதற்கான வழி ஏற்கனவே இருக்கிறது. ஒரு வினாடிவினாவில் குறிப்பிட்ட மாணவருக்கோ குழுவுக்கோ மட்டும் கால எல்லையையும் இறுதி நேரத்தையும் தனியாக மாற்றலாம். மற்ற மாணவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. 2021இல் வெளியான 3.11 பதிப்பிலிருந்து, பாடப் பக்கங்களில் அணுகல் குறைபாடுகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் கருவி ஒன்றும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. இருக்கும் வசதியை இயக்கிவிடவும், விரிவுரையாளருக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும்.

கமராவை இயக்கச் சொல்வதும் கவனிக்க வேண்டியது. தற்காலிக வீட்டில் ஒரே அறையில் வாழும் குடும்பம், முகத்தில் காயத் தழும்புள்ளவர், தன் முகமும் வீடும் பதிவாவதை அஞ்சக் காரணமுள்ளவர் ஆகியோருக்குக் கமரா கட்டாயம் என்ற விதி, வகுப்பிலிருந்து விலகு என்ற விதியாகவே விளங்கும். வருகையைப் பதிவுசெய்ய, வகுப்பின் முடிவில் இரண்டு வரி பதில் எழுதச் சொல்வது போன்ற வேறு வழிகள் உள்ளன.

'கேட்டால் தருகிறோம்' ஏன் போதாது

அணுகல் வசதி பற்றிக் கேட்டால் நிர்வாகங்கள் வழக்கமாகத் தரும் பதில் ஒன்றுண்டு. 'யாருக்காவது தேவை என்றால் விண்ணப்பிக்கட்டும், செய்து கொடுக்கிறோம்.' நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் பதில்தான். ஆனால் போரால் பாதிக்கப்பட்ட சமூகத்தில் அந்த விண்ணப்பத்துக்கு ஒரு விலை உண்டு.

காயத்தை அறிவிப்பது என்றால் அது எப்படி, எங்கே, எப்போது நேர்ந்தது என்ற கேள்வி வரும். மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படும். இறுதிப் போரின்போது சிகிச்சை பெற்றவர்கள் பலரிடம் அதற்கான ஆவணங்கள் இல்லை. முன்னாள் போராளி ஒருவருக்கு அந்தக் கேள்விக்கான பதிலே ஓர் ஆபத்தாகத் தோன்றலாம். இளம்பெண் ஒருவர் திருமணப் பேச்சை நினைத்து மறைக்கலாம். உளத்தாக்கத்துக்குச் சிகிச்சை பெறுவதை எழுத்தில் கொடுக்க எவரும் தயங்குவர். ஆகவே மிகவும் தேவையுள்ளவரே கேட்காமல் இருப்பார். கேட்காததால் தேவையே இல்லை என்று நிர்வாகம் முடிவுசெய்யும்.

இதனாற்தான் பாடத்தை முதலிலிருந்தே எல்லோருக்கும் ஏற்றதாக வடிவமைப்பது இங்கே மிக முக்கியமாகிறது. எழுத்து ஒருங்குறியில் இருந்தால் யாரும் தன்னை விழிப்புலனற்றவர் என்று அறிவிக்க வேண்டியதில்லை. காணொளியுடன் எழுத்தும் இருந்தால் யாரும் தன் காதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தனிப்பட்ட ஏற்பாடு தேவைப்படும் இடங்களிலும் படிவம் கேட்க வேண்டியது 'உங்களுக்கு எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் தேவை?' என்பதை மட்டுமே. 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்பதை அல்ல.

பின்னர் பார்க்கலாம் என்பதன் விலை

வளமான நிறுவனங்களும் இதில் தவறியுள்ளன. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் தமது இலவச இணையப் பாடக் காணொளிகளுக்குச் சரியான எழுத்து வரிகள் கொடுக்கவில்லை என்று 2015இல் அந்நாட்டின் தேசியச் செவிப்புலனற்றோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2019இலும் 2020இலும் அவை இணக்கத்துக்கு வந்து வரிகள் சேர்க்க ஒப்புக்கொண்டன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. அதன் இலவசக் காணொளிகள் அணுகத்தக்கவையாக இல்லை என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2016இல் கண்டறிந்தது. எல்லாவற்றையும் திருத்துவதற்கான செலவைக் காட்டி, 2017இல் அப்பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிக் கோப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கியது. முதலிலேயே செய்யாததன் இழப்பு இறுதியில் எல்லோருக்கும் பொதுவானது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ் இணையப் பாடங்கள் இன்னும் குறைவாகவே இருக்கின்றன. இப்போதே ஒழுங்கை வகுத்துக்கொண்டால் பிற்பாடு ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திருத்தவேண்டி வராது.

எந்த ஒழுங்கு என்பதற்கும் விடை இருக்கிறது. உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி வெளியிட்டுள்ள வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி 2008இல் 2.0 ஆகவும், 2018இல் 2.1 ஆகவும், 2023இல் 2.2 ஆகவும் வளர்ந்துள்ளது. உள்ளடக்கம் புலன்களால் உணரக்கூடியதாக, இயக்கக்கூடியதாக, விளங்கக்கூடியதாக, எந்தக் கருவியிலும் நிலைத்து இயங்குவதாக இருக்க வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகளில் அது நிற்கிறது. சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் முழுப் பக்கத்தையும் இயக்க முடியவேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்கவேண்டும் என்பன போன்ற அளக்கக்கூடிய விதிகள் அதில் உண்டு.

சட்டம் என்ன தருகிறது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணங்காட்டி வேலைக்கு ஆட்சேர்ப்பிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. 2006ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகள் கட்டடங்கள் போன்ற பௌதிக இடங்களைப் பற்றியவை. பொதுக் கட்டடங்களின் அணுகல் தொடர்பாக அஜித் பெரேரா தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவு வழங்கியது. ஆக, வாசலும் சாய்தளப் பாதையும் சட்டத்தில் இருக்கின்றன. உள்ளே நுழைந்த பின் கையில் கிடைக்கும் கோப்பைப் பற்றி இந்த விதிகள் தெளிவாக எதுவும் சொல்வதில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது சர்வதேசக் கடப்பாடு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை இணையம் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பத்தின் அணுகலையும், 24ஆம் உறுப்புரை உயர்கல்வி, முதியோர் கல்வி, வாழ்நாள் கல்வி ஆகியவற்றைப் பாரபட்சமின்றி, நியாயமான வசதிப்படுத்தலுடன் வழங்குவதையும் அரசின் கடமையாக்குகின்றன. ஆனால் உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத சாசனத்தை நேரடியாக நீதிமன்றில் நடைமுறைப்படுத்துவது கடினம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையே அங்கு நமக்குள்ள பிடி. மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்வதை அதன் 12(4) வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. எனவே 'ஒருவருக்கு மேலதிக நேரம் கொடுத்தால் மற்றவருக்கு அநீதி' என்ற வாதம் நிற்காது.

மாணவர் கேட்கக்கூடியவை

முதலில் எழுத்தில் கேளுங்கள். துறைத் தலைவருக்கு அனுப்பும் கடிதத்தில் உங்கள் காயத்தின் கதை தேவையில்லை. எந்தப் பாடம், எந்தக் கோப்பு, எந்த வடிவத்தில் வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பவை போதும். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அரச பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. 'இணையவழிப் பாடங்களின் அணுகல் பற்றிய கொள்கை உண்டா? அதற்குப் பொறுப்பான அலுவலர் யார்? கடந்த ஆண்டு இதற்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது?' என்று தமிழிலேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

பாரபட்சம் நடந்திருந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே என்பதை நினைவில் வைத்திருங்கள். ஆகவே தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

கருவிகளுக்குப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை. 2006இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞர் இருவர் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் விண்டோஸ் கணினிகளுக்கு முற்றிலும் இலவசம். அதனுடன் வரும் குரலில் தமிழும் உண்டு. குரல் இயந்திரத்தனமாக இருக்கும். சில வாரங்களில் காது பழகிவிடும். அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் டோக்பேக் ஏற்கனவே உள்ளது. அமைப்புகளுக்குள் சென்று இயக்கினால் போதும்.

விரிவுரையாளருக்கு ஒரு சிறு பட்டியல்

— குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

— பி.டி.எப். உடன் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

— தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தட்டச்சு மென்பொருளிலுள்ள தலைப்பு வடிவத்தைப் பயன்படுத்துங்கள். திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவ அதுவே வழி.

— கையெழுத்துப் படத்தை மட்டும் பகிராதீர்கள். பகிர்ந்தால் அதன் சாரத்தை எழுத்தில் இணையுங்கள்.

— 'இதை இங்கே பாருங்கள்' என்று திரையைச் சுட்டாமல், என்ன இருக்கிறது என்பதை வாயாற் சொல்லுங்கள்.

— ஒவ்வொரு காணொளிக்கும் ஒலிக் கோப்பும் எழுத்துச் சுருக்கமும் கொடுங்கள்.

— போர், வன்முறை பற்றிய காட்சிகளைக் காட்டுமுன் அறிவியுங்கள். பார்க்காமலே பாடத்தைத் தொடர வழி விடுங்கள்.

— தவணையின் தொடக்கத்தில், காரணம் கேட்காமல், எந்த வடிவம் தேவை என்று எல்லோரிடமும் ஒரு படிவத்தில் கேளுங்கள்.

இவற்றை ஒரு விரிவுரையாளரின் தனிப்பட்ட நல்ல மனதுக்கு விட்டுவிடவும் முடியாது. பேரவையின் தீர்மானமாக, பொறுப்பான ஓர் அலுவலருடன், பாட அங்கீகாரத்தின் நிபந்தனையாக அவை இருந்தால்தான் ஆள் மாறினாலும் வேலை தொடரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விழிப்புலனற்றோருக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட அனுமதி வழங்குகிறது. அந்த அனுமதியுடன் வருபவர் படித்து முடிப்பதற்கான ஒழுங்கையும் அதே ஆணைக்குழு நிபந்தனையாக்கலாம்.

ஆங்கில மொழிப் பாடங்களின் அணுகலைப் பற்றி உலகில் பலர் வேலை செய்கிறார்கள். சிங்கள மொழிக்குத் தெற்கில் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் விரிவுரைக் குறிப்பை ஒருங்குறிக்கு மாற்றுவதும், தமிழ்ப் பாடநூலின் ஸ்கான் பிரதியை வாசிக்கத்தக்கதாக்குவதும் யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழிப் பிரிவுகளும் செய்தால்தான் உண்டு. அடுத்த தவணைக்கான குறிப்புகள் இப்போது எங்கோ தட்டச்சாகிக்கொண்டிருக்கின்றன. அவை எந்த எழுத்துருவில் தட்டச்சாகின்றன என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.